கரியுண்ணிகளின் பசி

அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அணைந்து ஒரு வாரமாகிவிட்டது. முத்தாலங்குப்பத்து ஜனங்கள் வெள்ளை வேட்டியைத் துணிந்து மொட்டைமாடியில் காயப்போட்டார்கள். நிலையத்தை இழுத்து மூடவைக்க வருஷக்கணக்கில் தெருவில் நின்று கத்திய குமுதவல்லிக்கு மாலை மரியாதையெல்லாம் நடந்தது. அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

மகள் நிலானிக்கு மூச்சிழுப்பு கண்டதும் அந்தப் பெருமை இருந்த இடம் தெரியாமல் போனது.

குப்பத்தில் குழந்தை பிறந்தால் மூக்கில் இரண்டு சொட்டு விடுவார்கள். சொட்டுக்குள் இருப்பவை கரியுண்ணிகள். நுரையீரலில் குடியேறி, சுவாசத்தோடு வரும் கரித்தூளைத் தின்றே பிழைக்கும் நுண்ணுயிர்கள். புகையை நிறுத்துவதைவிடச் சொட்டு விடுவது சுலபம் என்று பெரியவர்கள் முடிவுகட்டிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். நிலானிக்கும் விட்டிருந்தார்கள்.

"தின்னக் கரி இல்லைம்மா. அதான் நுரையீரலையே தின்ன ஆரம்பிச்சிருக்கு," என்றார் டாக்டர் சையது.

"அத்த சாவடிக்க மருந்து இல்லியா சார்?"

"யாரும் கண்டுபிடிக்கலை. காத்து சுத்தமாகும்னு யாரும்மா நெனைச்சோம்?"

போகிக்கு டயர் கொளுத்தக் கூடாதென்று வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தவள் குமுதவல்லி. அப்போது பிடுங்கி வந்த டயர்கள் அவள் வீட்டுப் பின்பக்கம் கிடந்தன. ஒன்றை உருட்டி வந்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். மகளைத் தூக்கிப் புகைக்குள் பிடித்தாள். சொட்டு வழக்கம் வருமுன்பே பிறந்த குமுதவல்லியின் நெஞ்சு புகையில் வெடித்துவிடும்போல இருந்தது. நிலானியின் இழுப்போ மெல்ல மெல்ல அடங்கியது.

விஷயம் பரவியது. மூச்சுத் திணறும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவே புகையைச் சுற்றி நின்றது.

பக்கத்து வீட்டு ரேவதி மட்டும் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு ஓடி வந்தாள். புகைபோக்கி அணைந்த பிறகு பிறந்த பிள்ளை அது. இருமி இருமி நீலம் பாரித்திருந்தது.

"இனிமே சொட்டே வாணாம்னு நீதானக்கா சொன்ன? அத்த நம்பித்தான இதுக்குச் சொட்டு வுடாம இருந்தேன். நெருப்ப அணச்சுடுக்கா, உன் கால்ல வுயறேன்!"

குமுதவல்லி தோளில் கிடந்த மகளைப் பார்த்தாள். நிலானி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில சொட்டு இன்னும் இருக்கும். வுட்டுட்டு வந்துடு ரேவதி," என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கு எல்லாரும் கலெக்டராண்ட போறோம், புகைபோக்கிய மறுபடி பத்த வெக்கச் சொல்லி. நீயும் வா."

பிறகு அடுத்த டயரை நெருப்பில் தள்ளினாள்.