மேல்வீட்டு மீட்டர்

தட்... தட்... தட்...

தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள்!

மீட்டர்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிற்பகல் மூன்று பத்து. ஜன்னலில் நல்ல வெயில். ஆனாலும் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

மேல்வீட்டில் யாரும் இல்லை.

இருக்க முடியாது.

அங்கே குடியிருந்த மருந்துக்கடைக்காரர், ஊரடங்கு போடுவதற்கு முந்தின வாரம்தான் செத்துப் போயிருந்தார். ஒரே மகள் வந்து அடக்கத்தை முடித்துவிட்டு வெளிநாடு திரும்பிவிட்டாள். கதவில் கைமுஷ்டி அளவுக்குப் பூட்டு.

க்ரீச்ச்...

நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம்... ஒரு முணுமுணுப்பு!

ஐந்து மணிக்கு, மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணிகளோடு மனைவி இறங்கி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"மேல சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்?"

"நடந்தாங்க. நாற்காலியை இழுத்தாங்க. பேசினாங்க!"

"செத்தவரு நாற்காலி போட்டு உக்காந்து யார்கிட்டங்க பேசுவாரு? செவ்வாய்க்கிழமையும் இதையேதான் சொன்னீங்க."

"செவ்வாய் இல்ல. புதன்."

அவள் துணியை உதறிய வேகத்தில் ஒரு பொத்தான் தெறித்தது.

அவர் நாற்பது வருடம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர். அவள் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டர். இருவரும் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும், இருபத்திநாலு மணி நேரமும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது இந்த ஊரடங்கில்தான்.

"எனக்கு பயமா இருக்குங்க." அவள் குரல் தாழ்ந்தது. "உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது..."

மறுபடியும் அந்தப் பேச்சு!

அண்ணனுக்கு முதலில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு பேச்சுக் குரல். கடைசி எட்டு வருடம் கம்பி போட்ட ஓர் அறையில், பார்க்கப் போகும் தம்பியிடம், "சார் யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

எனக்குமா?

அவர் சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் காலை ஏழு மணி. மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் போர்டு.

காது பொய் சொல்லும். மூளை பொய் சொல்லும். மீட்டர் சொல்லாது! சத்தம் கேட்ட முதல் நாளே மேல்வீட்டு ரீடிங்கை நோட்டில் குறித்திருந்தார். இன்றோடு பன்னிரண்டு நாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

செத்தவர் வீட்டு மீட்டரில்... அலுமினியச் சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது!

பதினைந்து யூனிட்!

மனைவிக்குத் தெரியாமல் போலீசுக்குப் போன் போட்டார்.

பத்தரைக்கு ஜீப் வந்தது.

"பெரியவரே," மாஸ்க்குக்குள் இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வழியில தப்பிச்ச கொலைக் கைதி ஒருத்தனை ரெண்டு வாரமா தேடிட்டிருக்கேன். இதுல பேய் பிடிக்கவும் நான்தான் வரணுமா?"

"மீட்டர் ஓடுது சார்! பேய்க்கு எதுக்கு கரண்ட்?"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "பூட்டை உடைய்யா."

"வேண்டாம்!"

மனைவி!

இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

"அவரு மக என்கிட்டதான் சாவி கொடுத்துட்டுப் போச்சு. மேல நடந்தது... நான்தான்."

"நீயா?!"

"தினமும் மூணுலேர்ந்து அஞ்சு. தங்கச்சிக்கு போன் பேச."

"போனை இங்க உக்காந்து பேசினா என்ன?"

"எப்படிங்க பேசுறது? நான் செவ்வாய்னா நீங்க புதன்ம்பீங்க. நாலு பேர்னா அஞ்சு பேர்ம்பீங்க. முப்பது வருஷம் அடுத்தவங்க பேசுறதுக்கு லைன் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு மணி நேரம் நான் பேசக் கூடாதா?"

"அதுக்காக... எனக்குப் பைத்தியம்னு என்னையே நம்ப வெச்சியே!"

அவள் தலை கவிழ்ந்தது. "அண்ணன் பேச்சை எடுத்தது பெரிய பாவம்ங்க. வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்படிச் சரிபண்றதுன்னு தெரியல."

"சரிதான்." இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். "குடும்ப விவகாரம். நாங்க கிளம்பறோம்."

"ஒரு நிமிஷம் சார்!"

மீட்டர்காரர் நோட்டைப் புரட்டினார். நாற்பது வருடப் பழக்கம். கணக்கு உதைத்தது!

"ஒரு நாளைக்கு ஒண்ணேகால் யூனிட். அது பதினெட்டு மணி நேரம் ஓடுற ஃபேன். ரெண்டு மணி நேரத்துல நீ மேல என்னத்தைப் போட்டே?"

"ஒண்ணுமே போடலையே!" அவள் நிமிர்ந்தாள். "மீட்டர்காரர் பொண்டாட்டிக்குத் தெரியாதா? சக்கரம் சுத்தினா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு, ஃபேன் கூடப் போடாம வேர்த்து வழிய உக்காந்திருந்தேன்!"

நால்வரும் மீட்டரைப் பார்த்தார்கள்.

சக்கரம் சுற்றியது.

மேலே...

"லொக்... லொக்..."

இருமல்!

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார். சாவியைப் பிடுங்கிக்கொண்டு இரண்டிரண்டு படிகளாகத் தாவினார்.

ஐந்து நிமிடம் கழித்து, செத்துப் போன மருந்துக்கடைக்காரர் படியிறங்கி வந்தார்!

மீட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அதே நீலக் கட்டம் போட்ட சட்டை... ஆனால் உள்ளே வேறு ஆள். தாடி. குழிந்த கண்கள். கையில் விலங்கு.

"பின்பக்க பாத்ரூம் ஜன்னலை உடைச்சு உள்ள வந்திருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். "அம்மா சாவி போடுற சத்தம் கேட்டா ஃபேனை அணைச்சிட்டுப் பரண்ல ஏறிடுவானாம். ரெண்டு கொலை பண்ணினவன்மா! அவனுக்குக் கீழ உக்காந்துதான் பேசிட்டிருந்திருக்கீங்க!"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கைதி மீட்டர்காரர் முன்னால் நின்றான்.

"ஐயா, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். உங்க அண்ணன் பேச்சை எடுத்துட்டோமேன்னு அம்மா போன செவ்வாய்க்கிழமை தேம்பித் தேம்பி அழுதாங்க. பரண்ல படுத்திருந்த எனக்கே தாங்கல."

மீட்டர்காரர் வாயைத் திறந்தார். 'புதன்' உதடு வரை வந்தது.

விழுங்கினார். மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"நான் பேசினதைக் குறுக்க ஒரு வார்த்தை பேசாம கேட்ட ஒரே ஆம்பளை இவருதான் சார்... விலங்கைக் கொஞ்சம் லூசா மாட்டுங்க!"