மண்மூச்சி

அசைபோட்டுப் படுத்திருந்த காளை காணாமல் போய், மறுநாள் புல்லுக்கு நடுவே கொம்பு மட்டும் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து வேலாத்தாள் மேய்ச்சல் காட்டில் எந்த மாட்டையும் படுக்க விடுவதில்லை.

எல்லாம் மண்மூச்சிகளின் கைங்கரியம். அரிசி மணியளவு இயந்திரப் புழுக்கள். குளம்பு மிதித்து இறுகிய மண்ணைத் தேடிப் போய்த் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுப்பது அவற்றின் வேலை. வேலியோரம் வைத்த ஒரு பெட்டி அவற்றை இயக்கும். செம்மண்ணிலுள்ள இரும்பைத் தின்று குட்டியும் போட்டுக்கொள்ளும். கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு எழுந்தபோது ஊரே வாயைப் பிளந்தது.

முன்பெல்லாம் மழை விழுந்ததும் வேலிப் படலைச் சாத்தி, புல் விதை உதிர்க்கும்வரை காட்டை ஆறப்போடுவார்கள். அந்த நாட்களில் மூச்சிகள் மண்ணை இளக்கி முடித்துவிட்டுத் தூங்கிப்போகும் என்றுதான் அவற்றைச் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள். புல் இப்படிப் பொங்கி வளரும்போது எதற்குச் சாத்துவது என்று வேலாத்தாளின் கணவன் அப்புக்குட்டிதான் முதலில் திறந்து வைத்தான். மகா கெட்டிக்காரன்! அவனைப் பார்த்து ஊரும் திறந்தது. மாடுகள் ஓயாமல் மிதித்தன, மூச்சிகளும் ஓயவில்லை.

இப்போது மயிலைப் பசுவுக்குக் காட்டின் நடுவில் வலி கண்டுவிட்டது. வேலாத்தாள் தடியோடு ஓடினாள்.

"ஏனுங்க, படுக்கப் பாக்குதுங்க! அந்தப் பொட்டிய நிறுத்தித் தொலைங்க!"

"நிறுத்தியாச்சு புள்ள!" என்று படலருகிலிருந்து கத்தினான் அப்புக்குட்டி. "புதுசாப் பொறந்ததுக நம்ம பேச்சக் கேக்க மாட்டீங்குது. பாரம் எங்கிருக்குதோ அங்க போகுது. நடத்தீட்டே ரோட்டுக்குக் கொண்டா!"

பசு முன்னங்கால்களை மடக்கியது. மடக்கிய இடத்தில் மண் பொலபொலவென்று உள்வாங்கியது. வேலாத்தாள் வாழ்நாளில் முதன்முறையாக அதைத் தடியால் அடித்தாள். பிள்ளை பெறப் போகிறவளை அடிக்கிறோமே என்று அழுதுகொண்டே அடித்தாள். பசு எழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் படலைத் தாண்டித் தார் ரோட்டில் விழுந்தது.

அங்கேயே கன்று போட்டது. கிடாரி. தாய் நக்கிக் கொடுக்க, அது எழ முயன்று விழுந்தது. அப்புக்குட்டி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"பொழைச்சோம் புள்ள" என்று ரோட்டோரம் உட்காரப் போனான்.

"உக்காராதீங்க!"

பசுவின் வயிற்றடியில் தார் விரிசல் விட்டிருந்தது. விரிசலில் செம்மண் கொதிப்பதுபோல் மேலே வந்துகொண்டிருந்தது. படலும் வேலியும் மனிதருக்குத்தான். மண்ணுக்குக் கீழே எது யாருடைய காடு?

அப்புக்குட்டி திரும்பித் தங்கள் மாடி வீட்டைப் பார்த்தான். இந்தச் சுற்று வட்டாரத்தில் அதைவிடப் பாரமான பொருள் வேறில்லை. பிறகு ஓடிப்போய்ப் பசுவின் வாலை முறுக்கி எழுப்பினான்.

கன்று அதற்குள் நான்கு காலையும் அகட்டி ஊன்றி நின்றுவிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் வேலாத்தாள் கைதட்டியிருப்பாள். இப்போது ஈரம் காயாத அந்த முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"நிக்காத சாமி" என்றாள். "நட."