கோயில் ஸ்பீக்கரில் நிவேதிதா டீச்சர்

இப்போது சுங்கை பாயு தோட்டத்தில் எந்த மூலையில் நின்றாலும் கைப்பேசிக்கு லைன் கிடைக்கிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே உயரமாக ஒரு டவர் கட்டிவிட்டார்கள். ரதியும் வளர்ந்துவிட்டாள். தினமும் பஸ் ஏறி, பகாவ் டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். ஆனாலும் லைனே இல்லாத அந்த ஒரு வருடத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அது கோவிட் வந்த வருடம். ரதி அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கூடக்கூடாது, அவரவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் இரும்புக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

முதலில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வரத் தொடங்கியது. காலை மணிச் சத்தம். கேண்டீன் நாசி லெமாக் சோற்றின் தேங்காய்ப்பால் வாசனை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே அழிப்பானை எடுத்துக்கொள்ளும் மாதவி. அந்த அழிப்பான் சண்டைகூட ரதிக்கு இப்போது வேண்டும்போல் இருந்தது.

நிவேதிதா டீச்சர் சிரம்பானில் தன் வீட்டிலிருந்தே கைப்பேசியில் வீடியோ வகுப்பு நடத்தினார். ஆனால் தோட்டத்து வீடுகளில் லைன் ஏது? தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் கொஞ்சமாவது கிடைக்கும். ரதியும் அம்மா புனிதாவும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் உட்காருவார்கள். டீச்சர் பேச வாயைத் திறப்பார். அப்படியே நின்றுபோவார்.

"டீச்சர் ஏம்மா சிலை மாதிரி ஆயிட்டாங்க?"

"லைன் போச்சுடி. கைய இன்னும் மேல தூக்கு."

ரதிக்காவது அம்மாவின் கைப்பேசி இருந்தது. மாதவி வீட்டில் இருந்தது பழைய பட்டன் கைப்பேசி. அதில் பேசலாம், பாம்பு விளையாட்டு விளையாடலாம். டீச்சரைப் பார்க்க முடியாது. தோட்டத்தில் பாதி வீடுகளில் அதுதான் நிலைமை.

ஒரு நாள் மாலை, ரதி எதிர் வரிசையில் இருந்த மாதவி வீட்டு வாசலுக்கு வந்து, தள்ளியே நின்றாள். மாதவியின் அம்மா தாயம்மா பெரிய ரப்பர் காலணியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னதாக இன்னொரு ஜோடி காலணி.

"அது யாருக்கு அத்தை?"

"மாதவிக்குத்தான். நாளையிலேர்ந்து என்கூடக் காட்டுக்கு வரா. நான் கீழ விழுந்த உதிரிப்பழம் பொறுக்குற வரைக்கும் பக்கத்துலயே இருக்கட்டும். பள்ளிக்கூடமும் இல்ல, வீட்ல தனியா விட்டுட்டு எப்படிம்மா போறது?"

மாதவி கதவருகே வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"பள்ளி திறந்தாலும் நான் வரல லா, ரதி. உங்களுக்கெல்லாம் பாடம் தெரியும். எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. எல்லாரும் சிரிப்பாங்க."

"எனக்கும் பாதிதான் தெரியும். மீதி நேரம் டீச்சர் சிலையா நிக்கிறாங்க!"

மாதவி சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் முதலில் சிரிப்பவள் அவள்தான்.

மறுநாள் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது ரதி ஒன்றைக் கவனித்தாள். வீடியோ வராத நேரத்திலும் லோரி ஓட்டும் அப்பா வழியிலிருந்து அனுப்பும் குரல் செய்திகள் அம்மாவுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. மேட்டில் ஒருமுறை வந்துவிட்டால் போதும், கீழே வீட்டுக்குப் போயும் கேட்க முடிந்தது.

உடனே டீச்சருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"டீச்சர், இங்க வீடியோ வரல. நீங்க பாடத்தப் பேசி மட்டும் அனுப்புறீங்களா? புத்தகத்துல எந்தப் பக்கம்னு சொல்லிட்டா போதும், நாங்க படத்த அதுலயே பார்த்துக்கிறோம்."

சற்று நேரத்தில் டீச்சரின் பாடம் வந்து சேர்ந்தது. ரதி அதை மேட்டிலிருந்து பத்திரமாகக் கீழே கொண்டுவந்து, வாசலில் வைத்துப் போட்டாள். டீச்சர் குரல் கேட்டதும் நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

"டேய், தள்ளிப் போங்கடா! ஒருத்தர ஒருத்தர் தொடக்கூடாது!" என்று அம்மா கத்தினார்.

தள்ளிப் போனார்கள். டீச்சர் குரல் கேட்கவில்லை. கிட்டே வந்தார்கள். அம்மா மறுபடியும் கத்தினார். கடைசியில் அம்மாவின் குரல் மட்டும்தான் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது.

ரதி சோர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்தாள். இரண்டு வரிசை வீடுகளுக்கும் முன்னால் மாரியம்மன் கோயில் பூட்டிக் கிடந்தது. அதன் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள், ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை பாட்டு நின்று எத்தனை நாளாயிற்று! ஒலிபெருக்கியின் வாயில் ஒரு மைனா கூடு கட்டத் தொடங்கியிருந்தது.

ரதி எழுந்து ஓடினாள்.

கோயில் சாவி, கோயில் கமிட்டித் தலைவர் திருநாவுக்கரசு மாமாவிடம் இருந்தது. தோட்டத்துக் காவல்காரரும் அவர்தான். கோயில் ஒலிபெருக்கியில் பாடம் போடலாமா என்று ரதி கேட்டதும், முடியாது என்று வேகமாகத் தலையாட்டினார்.

"அது சாமி பாட்டுக்கு வாங்குன செட்டும்மா. கணக்குப் பாடத்துக்கா வாங்குனோம்?"

"சும்மாவே கெடந்தா எலி ஒயரக் கடிச்சிடும் மாமா."

"கடிச்சா நான் பார்த்துக்கிறேன்."

ரதி கொஞ்சம் யோசித்தாள். திருநாவுக்கரசு மாமாவுக்கு மைக் என்றால் உயிர் என்பது தோட்டத்துக்கே தெரியும். திருவிழாவில் அவர் கையிலிருந்து மைக்கை வாங்குவதற்கே தனியாக ஒருவர் வேண்டும்.

"பாடத்துக்கு முன்னால யாராவது மைக்ல நாலு வார்த்தை பேசணும் மாமா. பெரியவங்க பேசுனாத்தான் பிள்ளைங்க கேக்கும். அதான் உங்களக் கேக்கலாம்னு..."

மாமா தொண்டையைச் செருமினார். "தினமுமா?"

"தினமும்."

"கிராணிய ஒரு வார்த்த கேட்டுக்குவோம்," என்று கிராணி கணக்கெழுதும் தோட்டத்து ஆபீசுக்கு நடந்தார் மாமா. திரும்பி வரும்போது கோயில் சாவியைக் கையில் எடுத்துக் குலுக்கிக்கொண்டே வந்தார்.

அன்று மாலையே ரதி மேட்டில் ஏறி, கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி டீச்சரிடம் சொல்லி, புதுப் பாடத்தை வாங்கி வைத்தாள். மறுநாள் காலை, மைனாக்கூட்டைப் பக்கத்து மரக்கிளையில் மெதுவாக எடுத்து வைத்தார்கள். பாட்டுப் போடும் ஒயரை அம்மாவின் கைப்பேசியில் செருகினாள் ரதி. பிள்ளைகள் அவரவர் வீட்டுப் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..." என்று தொடங்கிய மாமா, தாம் படித்த காலத்தில் ரப்பர் எடுக்கும் பால்மரக் காட்டுக்குள் நடந்தே பள்ளிக்குப் போனது, காலில் அட்டை ஏறியது, அந்த அட்டையோடு வகுப்பில் உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொன்னார். அட்டை இறங்குவதற்குள் ரதி மெல்ல மைக்கை வாங்கிக்கொண்டாள்.

திரையைப் பார்க்காமலே ஒரு செய்தியைத் தட்டினாள்.

"புனிதா," என்று தோட்டம் அதிர ஒலித்தது அப்பா புவனேஸ்வரனின் குரல். "நேத்து வச்ச கருவாட்டுக் குழம்பு மிச்சம் இருக்கா? எனக்கு எடுத்து வை. ரதிகிட்ட சொல்லாத!"

இரண்டு வரிசை வீடுகளும் குலுங்கிச் சிரித்தன. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். ரதி அவசரமாகச் சரியான செய்தியைத் தேடிப் போட்டாள்.

"வணக்கம் பிள்ளைகளே!"

சிரிப்பு சட்டென்று நின்றது. டீச்சரின் குரல் வீடுகளைத் தாண்டி, பூட்டிய பள்ளியைத் தாண்டி, செம்பனைக் காடு வரைக்கும் போனது. கிணற்றடிக்கு வாளியோடு போன ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். பள்ளியே திறந்துவிட்டதுபோல் இருந்தது.

"முதல்ல வருகை எடுக்கப் போறேன். நீங்க பதில் சொல்ல இடம் விட்டு விட்டுக் கூப்பிடுறேன். முகுந்தன்!"

"வந்துட்டேன், டீச்சர்!" என்று கடைசி வீட்டுப் படியிலிருந்து ஒரு சத்தம்.

"ரதி!"

"வந்துட்டேன், டீச்சர்!"

"மாதவி!"

மாதவி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ரதி பாடத்தை நிறுத்தினாள். டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடக்கூடாது என்று தோன்றியது. மறுபடியும் அந்த இடத்தையே போட்டாள்.

"மாதவி!"

தூரத்தில், செம்பனை மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது.

"வந்துட்டே...ன், டீச்சர்!"

மரங்களுக்கு நடுவே மாதவி ஓடி வந்துகொண்டிருந்தாள். காலணி முழுக்கச் சேறு, தலையில் காய்ந்த ஓலைத் துண்டு. பின்னாலேயே தாயம்மா மூச்சு வாங்க வந்து, "போ, போய் உக்காரு. டீச்சரே பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க, இன்னும் காட்டுல என்ன வேல?" என்று மகளைப் படியில் உட்கார வைத்தார். ரதி தன் இரண்டாவது பென்சிலை வீதிக்குக் குறுக்கே உருட்டிவிட்டாள். மாதவி அதை எடுத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

அன்றைக்குக் கணக்கில் பின்னப் பாடம்.

"ஒரு வட்டமான கேக். அதை எட்டுச் சம துண்டாக வெட்டினேன். இரண்டு துண்டை நானே சாப்பிட்டுட்டேன். மீதி எவ்வளவு பங்கு? யோசிச்சு, எல்லாரும் சேர்ந்து எனக்குப் பதிலைச் சொல்லி அனுப்புங்க."

ரதி கைப்பேசியில் பதிவு பட்டனை அழுத்தி உயர்த்திப் பிடித்தாள். படிகளிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். மாதவியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது.

"முக்கால்!"

மாலையில் ரதி மேட்டில் ஏறி அதை அனுப்பினாள். டீச்சரின் பதிலுக்காக அங்கேயே காத்திருந்தாள். வந்ததும் கீழே ஓடி, எல்லாருக்கும் கேட்கும்படி கோயில் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"உங்க குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், பிள்ளைகளே. வகுப்புல நிக்கிற மாதிரியே இருந்துச்சு." டீச்சர் ஒரு பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "முக்கால் சரியான பதில். மாதவி, ரொம்ப நல்லாச் சொன்ன. ஆனா கைப்பேசிக்குப் பக்கத்துல நின்னு ஒருத்தர் பெரிய குரல்ல 'அரை'ன்னு சொன்னாரே, அவர் யாரு? அந்தக் கேக்குல அவரும் ரெண்டு துண்டு எடுத்துக்கிட்டாரு போல!"

எல்லாரும் திருநாவுக்கரசு மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ரதி கோயிலுக்குப் போனபோது, அவர் மைக்கைத் தொடக்கூட இல்லை. மூக்குக்கண்ணாடியும் கூராகச் சீவிய பென்சிலுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா பார்க்குற? சீக்கிரம் பாடத்தப் போடு," என்றார்.