மாவுப் பீப்பாயில் ஒரு டயரி

"நாலு மணிக்குள்ள நான் ஒத்துக்கலைன்னா போலீசாம் சார். படிக்க வந்த விசாவே போயிடும்," என்றான் அகிலன். கோட்-டெ-நெய்ஜில் இருந்த அந்த அலுவலகத்துக்குள் நுழைந்து அவன் இன்னும் உட்காரக்கூட இல்லை.

துப்பறிவாளர் அரியரத்தினம் கதிரையைக் காட்டினார். உதவியாளர் றோசா அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

சென்ட் லோரன்ட்டில் நகுலேஸ்வரன் நடத்தும் கண்காட்சியில் அவனுக்கு வேலை. அந்தக் காலத்தில் நிலம் தேடி மேற்கே போன குடும்பம் ஒன்றின் கூண்டு வண்டியும், அதில் போன பெண் எழுதிய டயரியும் அங்கே இருந்தன. இன்று காலை டயரியைக் காணவில்லை. மேற்பார்வையாளர் இரவிச்சந்திரன் நேராகப் போய், வண்டிக்குள் இருந்த மாவுப் பீப்பாயிலிருந்து அதை எடுத்தான். ஒளித்தவன் அகிலன்தான் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டான்.

"நேத்து நான் போன்ல பேசினதைக் கேட்டாராம். 'டைரி வண்டில இருக்கு, எடுத்துக்கோ'ன்னு கூடப் படிக்கிற ஸ்நேகாகிட்ட சொன்னது நிஜம்தான் சார்."

றோசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனே ஒத்துக்கொள்கிறானே!

"ஸ்நேகா எடுத்தவவோ?" என்று கேட்டார் அரியரத்தினம்.

"நேத்தே எடுத்துட்டா. இப்பவும் அவகிட்டதான் இருக்கு."

அரியரத்தினம் ஸ்நேகாவோடு இரண்டு நிமிடம் போனில் பேசிவிட்டுக் கோட்டை மாட்டினார்.

மூவரும் கண்காட்சிக்குப் போனதும் இரவிச்சந்திரன் எரிந்து விழுந்தான். "இந்தியாக்காரருக்கு இடம் குடுத்தால் இதுதான் நடக்கும்!"

"அகிலன் போனில கதைச்சதை வேற ஆர் கேட்டது?" என்றார் அரியரத்தினம்.

"நான் மட்டும்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. டயறி வண்டில்ல இருக்கு எண்டவன். காலமை நேரே போய் எடுத்தன்."

"எங்கட ஊரில வண்டில் எண்டால் மாடோ குதிரையோ இழுக்கிறது," என்றார் அரியரத்தினம். "சென்னையில காரும் வண்டிதான். தம்பி தன்ர படிப்பு டயறியைக் காரில விட்டவர். ஸ்நேகா அதை எடுத்திட்டா."

"அப்ப எங்கட டயறி எப்பிடி வண்டிலுக்குள்ள போனது?" என்றார் நகுலேஸ்வரன்.

"தம்பி வண்டிலைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அப்பிடி விளங்கினது ஒரே ஒரு ஆளுக்கு. பிழையாய் விளங்கின கதைக்குப் பொருத்தமாய் டயறியை அங்க வைக்க, அந்த ஆளைத் தவிர ஆரால ஏலும்?"

றோசாவுக்கு வெட்கமாகிவிட்டது. அவள் காதும் வண்டில் என்றுதான் கேட்டிருந்தது.

"என்ர மச்சானுக்குக் கேட்ட வேலை!" இரவிச்சந்திரன் கத்தினான். "இவனுக்கெல்லோ குடுத்தனீங்கள்!"

நகுலேஸ்வரன் அவனைப் பார்க்கவே இல்லை. "தம்பி, நீர் நாளைக்கு வழமைபோல வாரும்," என்றார்.

அகிலன் அசையவில்லை. "காலையில அத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடன்னு சொன்னப்ப நீங்களும் நின்னீங்க. முதல்ல அவங்க எல்லாரையும் கூப்பிடுங்க சார்."

நகுலேஸ்வரனின் முகம் கறுத்தது. பிறகு கதவைத் திறந்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.