பதினோரு பேர் கடந்த சாலை

"பதினோரு பேரா?"

டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

கடைக்காரர் வேல்சாமி அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கையில் இருந்த தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"பதினொன்னுதான்யா போட்டிருக்கு. காலையில ஆறு மணிலேருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும், ஓடைக்கரைப்பட்டி பக்கத்துல ரோட்டை நடந்து கடந்தவங்க பதினோரு பேரு. ஹைவேஸ் ஆபீஸு சீல் வேற குத்தியிருக்கு."

"அதுல நாலு பேரு பஸ்ஸு மாறி இறங்குன வெளியூர்க்காரனா இருப்பான்" என்றார் ஒருவர்.

டீ வாங்க வந்திருந்த இந்துஜா தூக்குச்சட்டியின் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் நான்குவழிச் சாலை அவர்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. ஊர் இந்தப் பக்கம். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, தீப்பெட்டிக் கம்பெனி எல்லாம் அந்தப் பக்கம். சாலை நடுவே அரளிச்செடி வைத்த சுவரில் ஒரே ஒரு இடைவெளி உண்டு. ஊரில் அதைக் 'கேப்பு' என்பார்கள். அதன் வழியாகத்தான் எல்லோரும் கடக்க வேண்டும்.

இப்போது அந்தச் சாலையை ஆறு வழியாக அகலப்படுத்தப் போகிறார்கள். "வேண்டவே வேண்டாம்" என்று ஊர் எல்லையில் பெரிய போர்டு வைத்திருந்தார்கள். "மீறிப் போட்டால், நாங்கள் நடந்து போக ஒரு சுரங்கப்பாதையாவது கட்டித் தாருங்கள்" என்று மனுவும் கொடுத்திருந்தார்கள்.

"பதினோரு பேருக்கு எவன் சுரங்கப்பாதை கட்டுவான்?" வேல்சாமி அண்ணாச்சி தாளை மடித்தார். "கேப்பையும் அடைக்கப் போறாங்களாம். வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிவாயிரும்."

பிறகு அவர் தலையை நிமிர்த்தி, இந்துஜா பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அன்னைக்கு மணி அடிச்சது யாருலே?"

கோடையிலேயே ஊர்க்கூட்டத்தில் பேசி வைத்திருந்தார்கள். நிலம் அளக்க ஆட்கள் வந்தால், முதலில் பார்ப்பவர் காளியம்மன் கோயில் மணியை மூன்று முறை அடிக்க வேண்டும். மணி கேட்டால் யாரும் ரோட்டுப் பக்கம் போகக் கூடாது. போனால் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், ஊரே சம்மதித்தது என்று எழுதிவிடுவார்கள்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் மணி அடித்தது. ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. தீப்பெட்டிக் கம்பெனிக்கு யாரும் போகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஆனால் அன்று வந்தவர்கள் நிலம் அளக்க வரவில்லை. சாலையைக் கடக்கும் ஆட்களை எண்ண வந்தவர்கள்.

"ராஜபாண்டிப் பயதான் அடிச்சிருப்பான். அவந்தான் கோயில் பக்கம் ஆட்டைப் பத்திக்கிட்டுப் போவான்."

ஆடு மேய்க்கும் ராஜபாண்டி அப்போதுதான் தலையில் துண்டோடு கடைக்குள் நுழைந்தான்.

"ஆமா, நாந்தான்" என்றான். "மழை பெய்யாததுக்கும் நாந்தான். உங்க டீயில சீனி இல்லாததுக்கும் நாந்தான் அண்ணாச்சி."

"ஏலே, வெளாடாத. உன்னால ஊரு நடுரோட்டுல நிக்கிது."

ராஜபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். இந்துஜா டீயை வாங்காமலே வெளியே வந்துவிட்டாள்.

மணியை அடித்தது அவள்தான்.

ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் அன்று ரோட்டோரத்தில் அவளிடம், "பாப்பா, நாங்க ரோட்டைக் கடக்குற ஆளுகள எண்ண வந்திருக்கோம்" என்றுகூடச் சொன்னார். பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்காமல் ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இரவு பெய்த தூறலில் கரிசல் மண் இளகிக் கிடந்தது. ஊரிலிருந்து சாலைக்கு வருவதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு கனத்துக்கு மண் அப்பிக்கொண்டது.

இந்துஜாவும் அவள் அம்மா சங்கரம்மாளும் பாதி ரோட்டைக் கடந்து கேப்பில் நின்றார்கள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ். இரண்டு பக்கமும் காற்று இழுத்தது.

"இப்பம் வா" என்று அம்மா இறங்கினாள்.

தாரில் கால் வைத்ததும் மண் அப்பிய செருப்பு வழுக்கியது. அம்மா முழங்கால் மடிந்து விழுந்தாள். கையிலிருந்த சோற்று டப்பா உருண்டது. தூரத்தில் ஒரு லாரி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது.

"அம்மா!"

இந்துஜா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். எப்படி அந்தக் கரைக்குப் போனார்கள் என்று இருவருக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது சோற்று டப்பா அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது.

அம்மா மூச்சு வாங்கினாள். பிறகு சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "தயிர்ச்சோறு போச்சு. லாரிக்குப் பசி போல."

இந்துஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கேப்ப அடைச்சிட்டா என்னம்மா செய்வ?"

"சுவரு ஏறிக் குதிப்பேன். வேற என்ன செய்ய? மூணு கிலோமீட்டர் சுத்திப் போனா கம்பெனி கேட்டைப் பூட்டிருவான்."

சுவர் அம்மாவின் இடுப்பு உயரம் இருந்தது. இந்துஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரோடு காலியானதும் ஓடிப்போய்த் தட்டையான டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விஜியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். விஜியும் அவளும் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

"விஜி, அந்த மணிய அடிச்சது நாந்தான்."

விஜியின் வாயில் பாதி முட்டை இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி... நீயா?"

"எண்ண வந்திருக்கோம்னு அந்த ஆளு சொன்னாரு. நான் நம்பல. இப்பம் பழி எல்லாம் ராஜபாண்டி அண்ணன் மேல விழுது. எங்கம்மா இன்னைக்கு..." அவள் பையைத் திறந்து தட்டையான டப்பாவைக் காட்டினாள்.

விஜி முட்டையை விழுங்கினாள். "ஊருல சொன்னா கொன்னுருவாங்கட்டி."

"தெரியும்."

விஜி, "பதினொன்னாம்! எங்க தெருவுலயே அம்பது பேரு கடக்காங்க" என்று முணுமுணுத்தாள்.

இந்துஜா சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பம் நாம எண்ணுவோம்."

அம்மா அடுப்பு பற்றவைக்கக் கம்பெனியிலிருந்து கழிவுக் குச்சிகள் கொண்டுவருவாள். மருந்து வைக்காத வெள்ளைக் குச்சிகள். இந்துஜா ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டாள். பெரியவர் ஒருவர் கடந்தால் காலித் தீப்பெட்டியில் ஒரு முழுக் குச்சி. பிள்ளை கடந்தால் ஒடித்த பாதிக் குச்சி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பெட்டி.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கே இருவரும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூட மணி நெருங்கியபோதுதான் விஜி கேட்டாள். "நாம போனப்புறம் யாரு எண்ணுவா?"

பகல் முழுக்க அந்த ரோட்டோரத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். ராஜபாண்டி.

இந்துஜா அவன் முன்னால் போய் நின்றாள். உதவி கேட்பதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணே, அன்னைக்கு மணி அடிச்சது..."

"நீதான். நான் புளியமரத்தடியிலதான் நின்னேன். என் ஆடுகூடப் பாத்துச்சு."

"பொறகு ஏன் சொல்லல?"

"என்னையப் பத்தி ஊருல ஏற்கனவே நாலு கதை ஓடுது. அஞ்சா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்." அவன் பையைப் பார்த்தான். "அது என்ன குச்சி? எனக்கு என்ன வேலை, சொல்லு."

அன்று சாயங்காலம் அவன் பத்துப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தான். கடைசிப் பெட்டி மட்டும் வாய் மூடாமல் பிதுங்கியது.

"இந்த ஒரு மணி நேரத்துல இம்புட்டுப் பேரா?"

"அது ஆடு. நாப்பத்திரெண்டு. அதுகளும் உசுருதான? தனிப் பெட்டிதான் போட்டிருக்கேன்."

இரண்டு நாள் முடிந்தது. புதன்கிழமை நானூற்று முப்பத்தெட்டு. வியாழக்கிழமை நானூற்று அறுபத்தொன்று. ஆடு தனி.

வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்தில் உட்கார இடம் இல்லை. ஊரார் கையில் கறுப்புத்துணி கட்டி வந்திருந்தார்கள். மேடையில் நெடுஞ்சாலைத் துறைப் பெண் பொறியாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அந்தத் தாள் இருந்தது.

"எல்லாரும் கோபமா பேசுறீங்க, புரியுது. ஆனா எங்க கணக்குப்படி பதினோரு பேர்தான் கடக்குறாங்க. இந்தக் கணக்கு தப்புன்னா, ஏன் தப்புன்னு யாராவது சொல்லுங்க."

வேல்சாமி அண்ணாச்சி எழுந்து கத்தினார். இன்னும் நாலு பேர் எழுந்து கத்தினார்கள். ஏன் தப்பு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மணி அடித்ததைச் சொன்னால் ஊரே வேண்டுமென்று ஒளிந்ததாக ஆகிவிடுமே!

இந்துஜா எழுந்தாள்.

"உக்காருட்டி!" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அதட்டினாள்.

அவள் உட்காரவில்லை. மைக் முன்னால் போய் நின்றாள். அது அவள் நெற்றி உயரத்தில் இருந்தது. யாரோ அதை இறக்கிவிட்டார்கள்.

"மேடம், அன்னைக்கு ஊருல யாருமே வெளிய வரல. நிலம் அளக்க வந்துட்டாங்கன்னு நான் மணி அடிச்சிட்டேன். எண்ண வந்திருக்கோம்னு அவரு சொன்னாரு. நாந்தான் நம்பல. ராஜபாண்டி அண்ணன் அடிக்கல. நான்."

வேல்சாமி அண்ணாச்சி திறந்த வாயை மூட மறந்துவிட்டார்.

இந்துஜா பையைக் கவிழ்த்தாள். தீப்பெட்டிகள் மேசை முழுக்கச் சிதறின.

"இது நாங்க ரெண்டு நாளு எண்ணுனது. முழுக்குச்சி பெரியவங்க. பாதிக்குச்சி பிள்ளைங்க."

பொறியாளர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். "போகும்போது ஒரு குச்சி, திரும்பி வரும்போது ஒரு குச்சியா? அப்ப ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்களே?"

"ஆமா மேடம். வாரப்பவும் அதே லாரிதான மேடம் வருது?"

பொறியாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அப்போது பின்னாலிருந்து சங்கரம்மாள் எழுந்து வந்தாள். மகளின் பையைத் துழாவி, தட்டையான டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"செவ்வாக்கிழமை என் சோத்து டப்பா மேல லாரி ஏறிச்சு. ஒரு எட்டு தள்ளி நான் கெடந்தேன். இதையும் எழுதிக்கோங்கம்மா."

பொறியாளர் அந்த டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளைங்க எண்ணினதை நான் அப்படியே ஏத்துக்க முடியாது" என்றார். "ஆனா மறுபடி எண்ணலாம். திங்கள்கிழமை ஆள் அனுப்புறேன். அன்னைக்கு யாரும் மணி அடிக்காதீங்க!"

மண்டபம் முதல்முறையாகச் சிரித்தது.

திங்கள்கிழமை காலையில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் வருவதற்கு முன்பே வேல்சாமி அண்ணாச்சி சாலையோரம் நின்றிருந்தார்.

"எல்லாரும் ஆளுக்குப் பத்துத் தடவ போயிட்டு வாங்கலே! ஆயிரத்தைத் தாண்டணும்!"

"வேண்டாம் மாமா" என்றாள் இந்துஜா. "சும்மா பத்துத் தடவ கடந்தா பத்துத் தடவ லாரி வரும். நெசமா போறதே போதும்."

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். ஏலே, நில்லுங்கலே! சோலி இருக்கவன் மட்டும் போங்க!"

அன்று சாயங்காலம், போன தடவை வந்த அதே ஆரஞ்சுச் சட்டைக்காரர் தாளில் எழுதிய எண்ணிக்கை: நானூற்று ஐம்பத்திரண்டு. எழுதிவிட்டு இந்துஜாவைப் பார்த்தார். "இப்ப நம்புறியா பாப்பா?"

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஓடைக்கரைப்பட்டியில் சுரங்கப்பாதை கட்டப்படும். அது கட்டி முடியும்வரை கேப்பை அடைக்க மாட்டார்கள். வேகத்தடைகளும் விளக்கும் உடனே வரும்.

நிலத்துக்கான பேச்சு இன்னும் முடியவில்லை. ஊர் எல்லையில் போர்டு அப்படியேதான் நின்றது. ஆனாலும் அன்று வேல்சாமி அண்ணாச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஊருக்குச் சொல்லணுமே! இந்துஜா, ஓடு! நீயே மணிய அடி!"

அவள் ஓடினாள். கயிற்றைப் பிடித்து, ஆசை தீர மூன்று முறை இழுத்தாள்.

டணங்! டணங்! டணங்!

படபடவென்று ஊர் முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. தெருவில் ஒரு ஆள் இல்லை. பஸ்ஸுக்குக் கிளம்பியவர்கள்கூட வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.

புளியமரத்தடியில் ராஜபாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதையும் என் தலையிலதான் கட்டுவாங்க. நான் கெளம்புதேன்!"

இந்துஜா கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஊரில் மொத்தம் நூற்று முப்பது வீடு. ஒவ்வொரு கதவையும் தட்டிச் சொல்ல இருட்டிவிடும்.

இருட்டட்டுமே!