உள்ளே விழுந்த ரப்பர்

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மருத்துவமனையிலிருந்து மகளைக் கூட்டிவந்த மறுநாள் பிற்பகல், புக்கிட் பாஞ்சாங் வீட்டில் ராஜீவ் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டான். தேக்காவில் தேநீர்க்கடை வைத்திருப்பவனுக்கு அது அத்துப்படி. பொட்டலத் தேநீர் ஊற்றிய பிளாஸ்டிக் பையின் வாயில் மாட்டும் ரப்பர் அப்படித்தான் இறுகும். ஆனால் சத்தம் வந்தது தொட்டிலிலிருந்து.

ஒன்றரை வயது ரக்ஷனாவுக்குக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்திருந்தன. போன வாரம் ரத்தமாகக் கக்கினாள். வாய்வழியே கேமராக் குழாயை விட்டு, புடைத்த நாளங்களில் சின்ன ரப்பர் வளையம் மாட்டினால் ரத்தம் நிற்கும், பிறகு வளையம் தானே உதிரும் என்று டாக்டர் விளக்கினார். ரப்பர் மாட்டுவது தன் தொழில் என்பதால், ராஜீவுக்கு அவருக்கே இரண்டு யோசனை சொல்லத் தோன்றியது. சிகிச்சையன்று அவன் கடையில் இருந்தான். “எல்லாம் நல்லா முடிஞ்சுது லா” என்று மனைவி பவித்ரா போனில் சொன்னதோடு சரி.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க, வேகும் கஞ்சியின் வாசனைக்கு அடியிலிருந்து ஈர இரும்பின் நாற்றம் மெல்லக் கிளம்பி அறையெங்கும் படிந்தது. மறுபடியும் டப். வளையம் இவ்வளவு சீக்கிரம் கழன்றால் பிள்ளை பிழைக்காது.

தொட்டிலுக்குள் குனிந்தான். மகள் விழித்திருந்தாள். உதட்டோரம் சிவப்பாக ஏதோ நெளிந்தது. ரத்தமில்லை. ரப்பர்.

இழுத்தான். பின்னால் மஞ்சள். பிறகு பச்சை. பெண்பிள்ளைகள் தாண்டி விளையாடக் கோத்த ரப்பர்க் கயிறு போல, ஒன்றில் ஒன்று. வெதுவெதுப்பாக. முழ நீளம். ஆள் நீளம். குழந்தை அழவில்லை.

ஒரு கையால் பவித்ராவைப் போனில் அழைத்தான். “ரப்பர் வெளிய வருது பவி. எத்தனை போட்டாங்க?”

கயிறு நின்றது. உள்ளேயிருந்து யாரோ, விளையாட்டாகத்தான், திருப்பி இழுத்தார்கள்.

“என்ன ரப்பர்?” என்றாள் பவித்ரா.

அந்தச் சின்னத் தொண்டைக்குள் வளையம் மாட்டும் கருவி நுழையவில்லை. வளையத்துக்குப் பதிலாக ரக்ஷனாவுக்குப் போட்டது ஊசிமருந்து மட்டும்தான்.