ஈரம் நிற்காத சுவர்

சுவர் முழுக்க நனைந்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர.

காலையில் கூடத்தின் கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது அதுதான். சுண்ணாம்புப் பூச்சின் வாசம் இன்னும் போகாத நீளமான சுவர், நேற்று மாலை குடித்த தண்ணீரில் கருஞ்சாம்பலாக மினுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு திட்டு வெளுத்துக் காய்ந்து கிடந்தது. தரையையொட்டித் தொடங்கி, ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் தோள் வருகிற உயரத்தில் வளைந்து முடிந்தது. தொட்டுப் பார்த்தாள். விரலில் மாவாக ஒட்டியது.

"மேஸ்திரி, நேத்து இந்த இடத்துக்குத் தண்ணி விடலையா?"

சாந்து கலக்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "விட்டோமே மேடம். நீங்களும் நின்னு பாத்தீங்களே."

பார்த்தாள்தான். ஆனாலும் மேஸ்திரி சொல்வதையெல்லாம் நம்புவதற்கு அவள் காதில் பூ வைத்துக்கொண்டு வந்தவள் இல்லை. பூசிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் வெடிப்பு விழும். அவள் நிற்கும்வரை குழாயைப் பிடித்திருப்பார்கள், அவள் தலை மறைந்ததும் தேநீர் குடிக்கக் கிளம்பியிருப்பார்கள். சுவருக்குக் காட்ட வேண்டிய தண்ணீரை அவளுக்குக் காட்டப் பார்க்கிறார்கள். இனி இந்த ஆளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

அந்தப் பழைய கட்டடம் சமூக நல மையமாக மாறிக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்த அறையில் மனு எழுதித் தர ஒரு மேசை, முதியவர்கள் பகலில் தங்க ஓர் அறை, அடிபட்டு வீட்டைவிட்டு வருகிற பெண்கள் உட்கார்ந்து பேச ஓர் அறை, நடுவில் எல்லோரும் காத்திருக்க இந்தக் கூடம், பின்னால் காப்பாளருக்கு ஒரு சின்ன வீடு. காப்பாளர் அவள்தான். அந்த வீட்டுக்காகத்தான் நாயாய் அலைந்து இந்த வேலையை வாங்கினாள். கணவன் கைகழுவிவிட்டுப் போனதிலிருந்து அவள் மகள் சுண்டு நாத்தனார் வீட்டில் வளர்ந்தாள். "உனக்குன்னு ஒரு கூரை வரட்டும், அப்புறம் புள்ளையக் கூட்டிட்டுப் போ" என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அது நல்ல மனதோடு சொன்னதா, இவளுக்கு எங்கே கூரை வரப்போகிறது என்ற தைரியத்தில் சொன்னதா என்று அவளால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மையத்தை நடத்தப்போகும் கமிட்டி வந்து பார்த்துச் சரி என்றால் வீடு அவளுடையது. சுவர் வெடித்தால் திறப்பு தள்ளிப்போகும், வீடு தள்ளிப்போகும், சுண்டுவும் தள்ளிப்போவாள். ஏற்கெனவே பிள்ளை போனில் அவளிடம் விருந்தாளியிடம் பேசுவது போலத்தான் பேசுகிறாள்.

கட்டடத்தைப் பற்றிக் கமிட்டிச் செயலாளருக்குப் பெருமை அதிகம். பஞ்ச காலத்தில் எங்கெங்கிருந்தோ நடந்து வந்த சனங்களை இந்தக் கூடத்தில்தான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம்.

"வந்தவங்க எல்லாருக்குமா சார்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"குடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் கூரையில் ஒட்டடை இருப்பதைக் கவனிக்கத் தொடங்கினார்.

வேலை தொடங்கியபோது சுவர் இப்படி இல்லை. சுவரோடு சேர்த்துக் கட்டிய நீளமான கல் இருக்கை ஒன்று இருந்தது. அதற்கு மேலே, சாய்கிற உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கறுப்புப் பட்டை ஓடியது. வியர்வையும் தலையெண்ணெயும் ஊறிப்போய், முதுகுகள் உரசி உரசி வழவழப்பேறிய கறை. அதன்மேலேயே வெள்ளையடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். வேலையைக் குறைக்க வழி பார்க்கிறார் என்று அவளுக்கு உடனே மூக்கில் வியர்த்தது. உதவி கேட்டு வருகிறவள் யாரோ ஒருவரின் அழுக்கில் சாய வேண்டுமா? செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்கச் சொன்னாள். கல் இருக்கையையும் பெயர்க்கச் சொன்னாள்.

"இதையும் எடுத்துட்டா எங்க மேடம் உக்காருவாங்க?"

"நாற்காலி வருது மேஸ்திரி. நீங்க சொன்னதைச் செய்யுங்க."

செய்தார்கள். கொத்தக் கொத்தப் பறந்த தூசி வேலையாட்களின் தொண்டையில் இறங்கி, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை என்று எல்லோரும் முனகினார்கள். வேலைக்கள்ளர்களின் புலம்பல் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை குழாயை அவளே கையில் எடுத்தாள். மேலிருந்து கீழாக, ஓர் அங்குலம் விடாமல், சுவர் இனி வேண்டாம் என்று தண்ணீரைத் துப்பும்வரை நனைத்தாள். புதிதாக ஒரு பூட்டு வாங்கி வந்து கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மேஸ்திரி கைகளைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் திறந்தபோது திட்டு ஒன்றாக இல்லை. பக்கத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று என்று சுவரின் பாதிவரை போயிருந்தது. அகலமானவை சில, ஒடுங்கியவை சில, ஒரு பெரிய திட்டோடு ஒட்டிக்கொண்டு சிறியதாக ஒன்று. இரண்டு திட்டுகளுக்கு நடுவே விரல்கடை அளவுக்குத்தான் ஈரம். நெருக்கியடித்துக்கொண்டு யாரோ உட்கார்ந்திருந்தது போல இருந்தது. மூலையில் நிரப்பி வைத்திருந்த வாளியை எட்டிப் பார்த்தாள். அடியில் ஈரத் தடம்கூட இல்லை.

பூட்டு பூட்டியபடியே இருந்ததே. ஜன்னல்கள்? உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி. சுவரின் அந்தப் பக்கத்தில் அடுப்போ அறையோ இல்லை, வெறும் சந்து. அப்படியானால் சாவிக்கு நகல் இருக்கிறது. எவனோ தீயைக் காட்டிச் சுவரைக் காயவைத்திருக்கிறான். யாருக்கு லாபம்? யோசிக்க யோசிக்க அவள் மனம் சுற்றிச் சுற்றி நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றது.

"யாரு சொல்லி இதெல்லாம் பண்றீங்க?" என்று மேஸ்திரியை மடக்கினாள்.

அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மேடம், வெயில் பட்டுக் காஞ்சா வெடிப்பு விழும். இதுல ஒரு கோடு விழல பாருங்க. இது காஞ்ச மாதிரி இல்ல. உறிஞ்சின மாதிரி இருக்கு."

"கதை வேண்டாம்."

"அப்ப எங்க கூலிக் கணக்கும் வேண்டாம். நாங்க கிளம்புறோம்." கரணையைக் கழுவக்கூட நிற்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் ஓட்டம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதில் பாதியைத்தான் அவளே நம்பினாள்.

கமிட்டி வருவது அதற்கடுத்த நாள் காலை. மதியம் முழுக்க அவள் ஒற்றை ஆளாகக் கூட்டிப் பெருக்கினாள். வெளியே மழை மூட்டம் கட்டி நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. வெற்றுக் கூடத்தில் துடைப்பத்தின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருப்பதாக அவளுக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. துணி சுவரில் உரசுகிற மாதிரி, எச்சில் இல்லாத வாயில் நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிற மாதிரி, மிகச் சன்னமாக, ஒன்று முடியுமுன் அடுத்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. சுண்ணாம்பு வாசத்தோடு, நாள் கணக்கில் பட்டினி கிடந்தவர்கள் வாய் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாடையும் கலந்து வந்தது. எலி செத்திருக்கும். அல்லது மேஸ்திரியின் ஆட்கள் போகிற போக்கில் எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள்.

மாலையில் சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் சுண்டுவோடு வந்து நின்றாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, அலமாரியைத் திறந்து பார்த்து, சமையல் மேடையில் விரலை ஓட்டித் தூசி பார்த்தாள்.

"நாளைக்குக் கமிட்டியாமே. ஒரு ராத்திரி உன்கூட இருந்து பாக்கட்டும். காலைல வந்து கேப்பேன். இங்கதான் இருப்பேன்னு அவ வாயால சொல்லிட்டா, நான் நடுவுல வர மாட்டேன்."

"நிஜமாவா அண்ணி?"

"நான் என்ன உனக்கு எதிரியா?"

நாளைக்குக் கமிட்டி என்பது இவளுக்கு யார் சொன்னது? அவள் கேட்கவில்லை. நாத்தனார் போனதும் வாசல் கதவை உள்ளிருந்து பூட்டினாள். பின்கதவையும் பூட்டினாள். இன்று ராத்திரி மட்டும் யாரும் உள்ளே நுழைந்து சுவரைக் கெடுக்கக் கூடாது. இன்று ஒரு ராத்திரி.

சுண்டு பழகாத வீட்டுக்கு வந்த பூனைக்குட்டி போல அறை அறையாக எட்டிப் பார்த்தாள். "இது எல்லாம் நம்ம வீடாம்மா?"

நம்ம வீடு. அந்த வார்த்தையில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பின்னாடி மட்டும்தான்டா. இது ஊரு சனங்களுக்கு. கஷ்டம்னு வர்றவங்களுக்கு அம்மா வேணுங்கறதைக் குடுப்பேன்."

மழை மூட்டத்தில் பொழுது சாயும் முன்பே இருட்டிவிட்டது. மின்சார இணைப்பு கிடைக்கவில்லை, கையில் ஒரு சின்ன விளக்குதான். அதைத் தரையில் வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். கோபமும் சந்தோஷமும் ஒன்றாகச் சேர்ந்து கையில் இறங்க, சுவரையும் தரையையும் தன்னையும் சேர்த்து நனைத்தாள். சுண்டு சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் புகுந்து தெப்பலாக நனைந்தாள். பிள்ளை சிரித்து அவள் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. கூடம் முழுக்க ஈரம் பளபளத்தது. எங்கேயும் ஒரு திட்டு இல்லை.

"இங்கயே இரு, துண்டு எடுத்துட்டு வரேன்" என்று பின்னால் போனாள்.

போகிற வழியிலேயே, கூடத்தில் திறந்தபடி போட்டுவிட்டு வந்த குழாய் இருமியது. பின்கட்டுக் குழாயும் இருமியது. பிறகு இரண்டிலும் காற்று மட்டும். மேலே தொட்டி இன்று மதியம்தான் நிரம்பியது. நிரம்பி வழிந்ததை அவளே பார்த்தாள்.

துண்டோடு திரும்பினாள். சுண்டு சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்கு வலப்பக்கம் சுவர் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, நடுவில் ஒரு புள்ளியாகத் தொடங்கி, ஓரத்தை நோக்கி விரிந்து, தோளாகி, முதுகாகி நின்றது. பிறகு இடப்பக்கம். பிறகு அதற்கடுத்து. சுவர் நெடுக, கோடிவரை. தாகம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. முதுகுகள் இந்தப் பக்கம் இருந்தன. கூடத்துக்குள்.

"சுண்டு. எழுந்து வா."

"அம்மா, இவங்க ரொம்ப நாளா உக்காந்திருக்காங்களாம்."

"எழுந்து வான்னு சொல்றேன்ல."

"குடுக்கிறவங்க நீதானான்னு கேட்டாங்க." பிள்ளை முகத்தில் பெருமை. "ஆமா, எங்கம்மாதான்னு சொன்னேன்."

உரசல் சத்தம். சுவர் நெடுக ஒரே நேரத்தில். உட்கார்ந்திருந்த பலர் எழுந்திருக்கிற சத்தம்.

ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். வாசலுக்குத் திரும்பினாள். வேறு யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று அவளே பூட்டிய கதவு. சாவியைப் பையிலிருந்து எடுத்தாள். சாவி துளைக்குள் போகவில்லை. திருப்பிப் போட்டாள். போகவில்லை. கீழே விழுந்தது.

பின்னால் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் ஈரத் தரை மினுங்கியது. அதன்மேல், திட்டுகளின் அடியிலிருந்து, காய்ந்த தடங்கள். வெறும் பாதங்கள். குதிகால், ஐந்து விரல். அடுத்தது. பெரியவை, சிறியவை. அவசரம் இல்லை. தள்ளுமுள்ளு இல்லை. கூடத்தின் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வளைந்து, ஒழுங்காக ஒரு வரிசை.

வரிசையின் முதல் தடம் அவள் காலடிக்கு எதிரே வந்து நின்றது.

"தண்ணி இல்ல" என்றாள். "சத்தியமா இல்ல. தொட்டில இல்ல. நாளைக்கு."

யாரும் நகரவில்லை. இந்தப் பதிலை அவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள் என்று அவளுக்கு உறைத்தது.

சுண்டுவை நெஞ்சோடு இறுக்கினாள். தெப்பலாக நனைந்த பிள்ளை. கவுனிலிருந்து சொட்டிய நீர் அவள் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. வழிந்தது நின்றது.

"அம்மா" என்றாள் சுண்டு, கரகரத்த குரலில். "தாகமா இருக்கு."

பிள்ளையின் முதுகோடு ஒட்டியிருந்த ஈரத் துணியின் நடுவில் ஒரு புள்ளி வெளுத்தது. விரிந்தது. உள்ளங்கை. அதிலிருந்து ஒவ்வொன்றாக ஐந்து விரல்கள். அதன் பக்கத்தில் இன்னொரு கை, அதைவிடச் சிறியது, மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.